தறிக்காரியின் வலது காது

எங்கள் வீட்டில் யாருக்குக் காது அதிகமாகப் போய்விட்டது என்று ஒரு சண்டை வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. உனக்குத்தான் என்பேன் நான். உங்களுக்குத்தான் என்பாள் என் வீட்டுக்காரி. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் இந்தச் சண்டை இல்லாத வீடு குறைவு. நான் தறிகளைப் பழுது பார்க்கிற பிட்டர். அவள் அதே பட்டறையில் ஆறு தறி ஓட்டுகிறவள். ஒரே கூரைக்கடியில் முப்பது தறிகள் தடதடவென்று அடித்துக்கொள்ளும் இடத்தில் காதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வயதானால் முடி நரைக்கிற மாதிரி, தறிக்காரர்களுக்குக் காது மந்தமாகும், அவ்வளவுதான் என்று இருந்தோம்.

பட்டறைக்குள் எங்களுக்குக் காது தேவையே இல்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வோம். மிச்சத்தைக் கை சொல்லிவிடும். சுண்டுவிரலால் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தால் இழை அறுந்துவிட்டது. முஷ்டியைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ வந்துவிட்டது. இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை, வேலைக்கு வந்த ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். நானும் அவளும் இருபத்தேழு வருடம் ஒரே பட்டறையில் இருந்ததால் எங்கள் கைப்பேச்சு கொஞ்சம் அதிகமாகவே வளர்ந்துவிட்டது. மாமியார் வீட்டு விவகாரம் வரைக்கும் கையாலேயே பேசுவோம், சண்டையும் போடுவோம். ஒரே ஒரு சங்கடம், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என் பேச்சு அந்தரத்தில் நின்றுவிடும். எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்திருக்கிறேன்! எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது ஊருக்கே தெரியும்.

இப்படிக் கண்ணாலேயே கேட்டுப் பழகியதால்தான் அவளுடைய வலது காது சுத்தமாகப் போனது எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பாள். அது பழக்கம் என்று நினைத்தேன். நடக்கும்போது வலதுபக்கமாகச் சாய்ந்து வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். "சோறு உங்காம வேல செஞ்சா இப்படித்தான் கெறக்கம் வரும்" என்று கத்துவேன். வலது கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாள். பல் வேலை என்று நானே முடிவு கட்டி, பிடுங்கியே ஆகவேண்டும் என்று பல் டாக்டரிடம் ஒற்றைக்காலில் நின்று, ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். பிடுங்கிய பிறகும் கன்னம் மரத்தேதான் இருந்தது. அடக் கெரகமே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா!

ஒருநாள் ஆற்றுப்பாலத்து முனையில் ரோட்டைத் தாண்டும்போது வலதுபக்கமிருந்து ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. அரைச் செவிடனான எனக்கே கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். முழங்கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையல் உடைந்தது. நடுரோட்டிலேயே பிடித்துக் கத்தினேன்.

"காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கற? செவிடி!"

"உங்களுக்கு மட்டும் நெம்பக் கேக்குதாக்கு? வாங்க, ரெண்டு பேரும் போயி மிசின்ல பாத்துப்போடலாம். ஆருக்கு மந்தம்னு இன்னைக்குத் தெரிஞ்சு போவுட்டும்" என்றாள்.

ரோஷத்தில் அப்படியே பஸ் ஏறினோம். பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. காது பரிசோதிக்கிற இடத்தில் ஒரு சின்ன வயதுப் பெண் இருந்தாள். கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராக உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். நான் முதலில் போனேன். பிறகு அவள். வெளியே வந்ததும், "ஆருங்க அம்மிணி செயிச்சது?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பட்டறைதானுங்களே?"

"ஆமாங்க. ஒரே கூரைதான்."

"உங்களுக்கு ரெண்டு காதும் ஒண்ணாட்டவே கொறஞ்சிருக்குதுங்க அண்ணா. தறிச் சத்தம்னா அப்படித்தான் இருக்கோணும். அக்காவுக்கு இடது காது உங்குளுதவிட நல்லா இருக்குது. வலது காதுல மட்டும் ஒண்ணுமே இல்ல. சத்தம் ஒரு காத மட்டும் பாத்தா திங்கும்?"

இருபத்தேழு வருடம் தறிக்குள் குடித்தனம் நடத்திய எங்களுக்கு, எங்கள் தெருவில் உள்ள நூறு குடும்பங்களுக்கு, இந்த ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுகூட இருக்காது. காது டாக்டரிடம் தானே எழுந்துபோய்ப் பேசி, சீட்டு வாங்கி வந்து, "இன்னைக்கே தலையில ஸ்கேன் எடுத்துருங்க, நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க" என்று என் கையில் திணித்தாள். அவளை நினைக்கும்போதெல்லாம் நன்றாயிருக்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொள்கிறேன்.

காது நரம்பின் மேல் ஒரு கட்டி. பெரிய நெல்லிக்காய் அளவு. புற்று இல்லை, ஆனால் இருக்கிற இடம் மோசம் என்றார் சேலத்தில் நாங்கள் பார்த்த மூளை அறுவை மருத்துவர். அது வளர்ந்து, மூச்சுக்கும் விழுங்குவதற்கும் ஆதாரமான மூளைத்தண்டை ஒருபக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. எடுக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து. எடுக்கும்போதும் ஆபத்து உண்டு. முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு கவனமாக எடுத்தாலும் வலதுபக்க முகம் விழுந்துவிடலாம் என்றார். சுருக்கமாகப் பேசுகிற மனிதர். எதையும் மறைக்கவில்லை.

நான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"ஏனுங்க டாக்டரு, மறுக்காத் தறி ஓட்டலாமுங்களா?"

"ஓட்டலாம். நாளாகும்."

"அப்பறம் என்னங்க. மூஞ்சி கோணுனாக் கோணிட்டுப் போவுட்டும். இழை பாக்கறதுக்குக் கண்ணும் அறுந்தா முடிச்சுப் போடறதுக்குக் கையும் இருந்தாப் போதும்."

வெளியே வராண்டாவுக்கு வந்ததும் நான்தான் அழுதேன். அவள் என் சட்டையை இழுத்து, "ஆளுக பாக்கறாங்க, மூக்கச் சிந்துங்க" என்றாள். அவள் எங்கிருந்து அவ்வளவு தைரியத்தை எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அதில் கால்வாசி இருந்திருந்தால் அத்தனை வருடம் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

அறுவை காலையில் ஆரம்பித்துப் பொழுதிறங்கும் நேரத்தில் முடிந்தது. கட்டி பெரும்பகுதி வந்துவிட்டது, நரம்பில் ஒட்டியிருந்த சிறு துணுக்கை மட்டும் முகத்துக்காக விட்டுவிட்டோம், தொண்டைக் குழாயை நாளை எடுப்போம் என்றார் மருத்துவர். மறுநாள் காலை என்னை ஐந்து நிமிடம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டு, வாயில் குழாய். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கட்டியிருந்த கையின் விரல்கள் அசைந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"சிஸ்டர், அவ பேசறாளுங்க! கைய அவுத்து உடுங்க, அவ பேசறா!"

என் குரல் எப்போதும் பட்டறைக் குரல். பக்கத்துக் கட்டில்காரர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். அந்த நர்ஸ் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தாள். நாங்கள் தறிக்காரர்கள், கையால் பேசுவோம் என்று சொன்னேன். என்னையும் அவளையும் ஒருமுறை மாறிமாறிப் பார்த்தாள்.

"குழாயப் புடுங்கினாங்கன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே வலது கையை மட்டும் அவிழ்த்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

விடுபட்ட கை முதலில் கேட்டது நான் சாப்பிட்டேனா என்று. அடுத்து என் தாடையைச் சுட்டி, ஏன் சவரம் செய்யவில்லை, பிச்சைக்காரன் மாதிரி வந்து நிற்கிறீர்கள் என்று திட்டியது. மூன்றாவதாக, மகளிடம் சொல்லி வீட்டுத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கச் சொல்லச் சொன்னது. ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல அந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "இவங்களுக்கு ஒண்ணும் ஆகல போங்க" என்றாள். நான் வெளியே வந்து மகளிடம் சொல்லிவிட்டு, தெருமுனைக் கடையில் சவரம் செய்துகொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு மறுபடி விட்டார்கள். அதே நர்ஸ் எதிர்க் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை அவிழ்த்துக்கொள்ளச் சொல்லித் தலையசைத்தாள். நான் அவிழ்த்துவிட்டு, மழித்த தாடையைக் காட்டி, இப்போது சரியா என்று கேட்டேன்.

கண் பாதிதான் திறந்தது. கை மேலே வந்தது. சுண்டுவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, கோடு இழுக்கப்போய், நடுவிலேயே நின்றுவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன். மறுபடி அதே சுண்டுவிரல், அதே பாதிக் கோடு. நான் யார் என்று கேட்டேன். அதற்கும் அதே. மறுபடி கேட்டபோது விரல் கோட்டைத் தொடவே இல்லை. கை நெஞ்சின் மேல் விழுந்தது.

அந்தக் கையோடு நான் இருபத்தேழு வருடம் சண்டை போட்டிருக்கிறேன். காய்ச்சலில், தூக்கத்தில், ஆத்திரத்தில் அது எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். இப்படி அது என்னிடம் பேசியதே இல்லை.

"சிஸ்டர்! இங்க வாங்க! என்னமோ ஆயிப்போச்சு! வாங்கறீங்களா இல்லீங்களா!"

கத்தின கத்தில் வாசலில் இருந்த காவலாளி உள்ளே வந்து என் தோளைப் பிடித்தான். நர்ஸ் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து, "அம்மா, கைய அமுக்குங்க" என்றாள். கை லேசாக அமுக்கியது. "சொன்னா செய்யறாங்களே அண்ணா. இப்பத்தான் கால்மணி முன்னாடி பார்த்தேன். மருந்துல தூக்கமா இருக்கும்" என்றாள்.

"அமுக்கறது வேற, பேசறது வேறங்க! நீங்க காலையில பாத்தீங்கள்ல? தாடிய எடுக்கச் சொன்னாளே, தொட்டிக்குத் தண்ணி புடிக்கச் சொன்னாளே! இப்பக் கேக்கறதுக்கெல்லாம் ஒரே பதிலச் சொல்றா. அதையும் முடிக்க மாட்டேங்கறா!"

அந்த நர்ஸ் நினைத்திருந்தால் என்னை வெளியே தள்ளச் சொல்லியிருக்கலாம். கத்துகிற ஆம்பிளையை எந்த ஆஸ்பத்திரியில் நம்புவார்கள்? அந்தப் பெண் ஒரு வினாடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காவலாளியைக் கையை எடுக்கச் சொன்னாள்.

"இப்பக் கேட்ட மாதிரியே இன்னொரு தடவை கேளுங்க. நான் பாக்கறேன்."

கேட்டேன். விரல் லேசாகத் துடித்ததோடு சரி. நர்ஸ் கண்ணிமையை விலக்கி விளக்கடித்துப் பார்த்தாள். இரத்த அழுத்தம் காட்டுகிற திரையைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் போனில் இருந்தாள். "கண்ணுல பெருசா மாத்தம் இல்ல சார், ஆனா காலையில பேசினவங்க இப்பப் பேசல" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. போனில் எதிர்ப்பக்கம் ஏதோ சொல்ல, "இல்ல சார், நீங்க இப்பவே வந்து பாக்கணும்" என்றாள். அந்தக் குரலில் மரியாதையும் இருந்தது, விடமாட்டேன் என்பதும் இருந்தது.

கட்டியை எடுத்த குழிக்குள் இரத்தம் கசிந்து கட்டியாக உறைந்து, மூளைத்தண்டை மறுபடி நெருக்க ஆரம்பித்திருந்தது. ஸ்கேனிலிருந்து நேராக அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரக் கட்டிலோடு ஓடிக்கொண்டே நான் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. இரண்டாவது முறை தலையைத் திறந்து இரத்தத்தை எடுத்து, கசிந்த இடத்தை அடைத்தார்கள். மருத்துவர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, "இன்னும் கொஞ்ச நேரம் தாமதமாயிருந்தா மூச்சு நின்னிருக்கும். சரியான நேரத்துல கூப்பிட்டாங்க" என்றார். நான் அந்த நர்ஸைத் தேடிப்போய்க் கும்பிட்டேன். வயதில் சின்னவளைக் கும்பிடுகிறோமே என்றெல்லாம் தோன்றவில்லை. அவள் பதறிப்போய், "ஐயோ, அவங்க பேச்சு எனக்கு எங்க தெரியும், நீங்கதானே சொன்னீங்க" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் முகம் விழுந்துவிட்டது. வலது புருவம், கன்னம், உதடு எல்லாம் தொங்கிப்போயின. கண் மூடாது, தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். நரம்பு அறுபடவில்லை, மெல்லத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். அவள் கண்ணாடி கேட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தாள். "செரி, தண்ணி ஒழுகாமக் குடிக்கப் பழகோணும்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

இங்கே என்னுடைய ஒரு கேவலத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்து நாலு மாதம் கழித்து வெளியே கிளம்பியவளிடம், "முந்தானைய இந்தப் பக்கம் இழுத்து மூடிக்க புள்ள, ஆளுக ஒரு மாதிரி பாப்பாங்க" என்று சொன்னேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, திறந்த முகத்தோடு நேராகப் பட்டறைக்குப் போனாள்.

மதியச் சோற்றுக்குத் தறிகள் நிற்கிற அரைமணி நேரம் அவளுக்குப் போதுமாயிருந்தது. பெண்களை வரிசையாக உட்கார வைத்து, பின்னால் நின்று, ஒவ்வொரு காதருகிலும் இரண்டு விரல்களை உரசுவாள். கேட்கிறதா? இந்தப் பக்கம்? அந்தப் பக்கம்? ரெண்டும் ஒண்ணாட்டம் கேக்குதா? அந்த ஈரோட்டுப் பெண்ணிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட வித்தை. "ஒத்தக் காது மந்தம்னா சும்மா இருந்துறாதீங்க. இதா, என்ற மூஞ்சியப் பாத்துக்கங்க" என்று சாய்ந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டுவாள். எங்கள் பட்டறை முடிந்து அடுத்த பட்டறை, அடுத்த தெரு. என்னவோ தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற மாதிரி ஒரு சுற்று!

மூன்றாவது வாரம், நான் பழுது பார்க்கப் போயிருந்த பக்கத்துப் பட்டறையில், மூலைத் தறி ஓட்டுகிற ஒரு பெண்ணுக்கு இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைக்காரி. அவள் திரும்பி என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தாள். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். சோற்றுப் போசியை மூடக்கூட விடாமல் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள் இவள். "தறி நிக்குதுடி! ஆரு ஓட்டறது?" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

எனக்கு அதன் பிறகு வேலை ஓடவில்லை. ஊரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாளே, அந்தப் பெண்ணுக்கும் அப்படியே இருந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் கதி என்ன, இவள்தான் அதைத் தாங்குவாளா? ஸ்பேனரைப் போட்டுவிட்டு நாலரை மணிக்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். மூன்று பஸ் போயிற்று. நாலாவதில் இறங்கினார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். இவளுக்கும் கண்ணில் தண்ணீர். விழுந்த முகத்திலிருந்து என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரலில் கத்தினாள்.

"குறும்பிங்க! வெறும் குறும்பி! காதுல கட்டிகட்டியா அழுக்கு அடச்சிருந்துதாமா! எடுத்துப் போட்டாங்க, இப்ப ரெண்டும் கேக்குது! ஒண்ணுமே இல்லீங்க அவளுக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் இடது பாதி முகம் முழுக்கச் சிரித்தது, வலது பாதி அசையாமல் தொங்கியது, மூடாத அந்தக் கண்ணிலிருந்து கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தன் உயிர் திரும்பி வந்தபோதுகூட அவள் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை. இந்த முகத்தையா மூடிக்கொள்ளச் சொன்னேன் என்று என் வாயிலேயே ஓங்கி ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.